வேறு வகைச் சாகுபடி

குரோம்பேட்டை
3 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை. மாமாவின் போனில் போட்டால், "உங்க அக்கா கீழ போயிருக்காப்பா" என்கிறார். எந்நேரமும் கீழேயே இருக்க நீ என்ன அந்த பிளாக்கின் வாட்ச்மேனா? பேசப் பிடிக்கவில்லை என்பது புரிகிறது. அதனால்தான் சவுரிமுத்து அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தாம்பரம் மார்க்கெட்டில் கீரையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் அவரை மடக்கிப் பிடித்தேன். உனக்குப் பக்கத்துப் பாத்திக்காரர், கையில் சேர்த்துவிடுவார்.

போன வியாழக்கிழமை நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் ஆபீஸ் ஜீப் ஏரி உள்வாயில், தண்ணீர் வற்றிய பக்கம், வந்து நின்றபோது நீ சிறுகீரைப் பாத்தியில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாய். முதுகைப் பார்த்தே நீ என்று தெரிந்துவிட்டது. ஆபீசர் தட்சிணாமூர்த்தி சார், "நீ கேளுப்பா, நான் பாக்கறேன்" என்று விவசாயக் கணக்கெடுப்புப் படிவத்தை என் கையில் கொடுத்தார். இன்னொரு பக்கம் என்னோடு வேலை பார்க்கும் தீபா. நான் வரப்பில் நின்றுகொண்டு உன்னைப் பார்த்து, "அம்மா, உங்க பேரு என்ன?" என்று கேட்டேன். நீ என் முகத்தையே பார்த்தாய். அப்புறம், "சரோஜா சார்" என்றாய். நான் அதை எழுதினேன். எழுதும்போது எனக்கு, அக்கா, அப்பாடா என்றுகூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தீபாவை நான் கல்யாணம் செய்துகொள்ளப் போவது உனக்குத் தெரியும். உன்னைப் பற்றி அவளிடம் என்ன சொல்லியிருக்கிறேன் என்பதுதான் உனக்குத் தெரியாது. என் அக்காவுக்கு அகரம்தென் பக்கம் இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அவள் அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். முதல் தடவை வீட்டுக்குப் போனபோது, "உங்க பக்கம் யார் யாரு, என்ன பண்றாங்க?" என்று கேட்டார். அக்கா விவசாயம் பார்க்கிறாள் என்றேன். நிலம் எவ்வளவு என்றார். ஏரிப் புறம்போக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், எங்கள் கணக்கில் விவசாயி என்றால் பட்டாவில் பெயர் இருப்பவர் இல்லை. என்ன விதைப்பது, எப்போது பறிப்பது என்று முடிவு எடுப்பவர் யாரோ, நஷ்டம் வந்தால் யார் தலையில் விழுமோ, அவர்தான் சாகுபடியாளர். நிலமும் சொந்தம், குத்தகை என்று இரண்டோடு நிற்காது. இரண்டும் இல்லாமல் பயிர் செய்தால் அதற்கு 'வேறு வகை' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. ட்ரெயினிங்கில் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். புறம்போக்கு என்று முகம் சுளிக்காதீர்கள், பயிர் நின்றால் எழுதுங்கள் என்று மைக் பிடித்துப் பேசினேன். கை தட்டினார்கள்.

அக்கா, என்னை மன்னித்துவிடு. இப்படிக் கேட்பதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். எழுதிய படிவங்களில் சிலவற்றை எடுத்து, திரும்பவும் நேரில் போய்ச் சரிபார்ப்பார்கள். அதில் உன்னுடையதும் வந்திருக்கிறது. இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல் சார் வருவார். அப்போதும் நீ சரோஜா என்றே சொல்லிவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை. தெரிந்தே பொய்ப் பெயர் எழுதினேன் என்று ஆனால் நான் இதுவரை எழுதிய எல்லாப் படிவத்தையும் சந்தேகப்படுவார்கள். இந்த ஒரு தடவை மட்டும்.

உன் தம்பி,
எழில்


பெரும்பாக்கம்
7 மார்ச் 2025

கணக்கெடுப்பு ஐயா அவர்களுக்கு,

சரோஜா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே தங்கள் மதிப்பும் மரியாதையும் சுகமாக இருக்கின்றனவா?

கடிதம் முழுக்க இப்படியே எழுதி உன்னைக் கிழிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ரெண்டு வரிக்கு மேல் வரவில்லை. ஒழுங்காகவே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வரப்பில் உட்கார்ந்து படித்தேன். முன்பக்கம் படிக்கும்போது அழுதுவிட்டேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சவுரிமுத்து அண்ணன் பார்த்துவிட்டு, "இன்னா தனம், லெட்டர்ல இன்னா கீது? யாருனா பூட்டாங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லண்ணா, என் தம்பி நல்லா எழுதிக்கீறான்" என்றேன். அப்புறம் தாளைத் திருப்பினேன். மன்னிப்பு முன்பக்கம், காரியம் பின்பக்கம். நல்ல படிப்புதான் படித்திருக்கிறாய்.

அன்றைக்கு ஜீப்பைப் பார்த்ததும் பிடுங்கிய களையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். காலி பண்ணச் சொல்லத்தான் யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன். நைட்டி மேல் உன் மாமாவின் பழைய சட்டை, தலையில் துண்டு, முழங்கை வரைக்கும் சேறு. ஓடவா நிற்கவா என்று தெரியவில்லை. அப்போது இறங்கியது நீ. நம்ம எழிலு என்று நினைத்து நான் சிரித்தேன். நீ அதைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் அம்மா, உங்க பேரு என்ன என்று கேட்டாய். அந்தச் சிரிப்பை நினைத்து எனக்கு எத்தனை அவமானம் தெரியுமா? இளித்துக்கொண்டு நின்றேனே, அசடு மாதிரி.

ஏன் சரோஜா என்று சொன்னேன் தெரியுமா? உன்னைக் காப்பாற்ற மட்டும் இல்லை. என் பேரைச் சொல்லியிருந்தால் நீ குனிந்து, யாரோ எவளோ மாதிரி, தனம் என்று எழுதியிருப்பாய். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. எவளோ ஒருத்தி பேரை எழுதிக்கொண்டு போகட்டும் என்று விட்டேன். ஆனால் பேர் மட்டும்தான் பொய். உங்கள் சார், "வீட்டுக்காரருதானே பயிர் பண்றாரு?" என்று கேட்டார் இல்லையா? நீ வாயைத் திறக்கவில்லை. உன் மாமா இந்தச் சேற்றில் கால் வைக்க மாட்டார் என்பது உனக்குத் தெரியாதா? "இல்ல சார், நான்தான். விதை போடறதும் நான்தான், வெள்ளம் வந்து அடிச்சிகினு போனா அழறதும் நான்தான்" என்றேன். அதை எழுதினாயா, இல்லை அதிலும் ஏதாவது கோல்மால் செய்தாயா?

நான் உன்னைப் படிக்க வைத்தேன், கீரை விற்று ஆளாக்கினேன் என்றெல்லாம் சினிமா அக்கா மாதிரி பேச மாட்டேன். நீ ஸ்காலர்ஷிப்பில் படித்தாய், உன் புத்தி உன்னது. இந்தக் கீரையை நான் எனக்காகத்தான் போடுகிறேன். பெரும்பாக்கத்தில் கவர்மெண்ட் வீடு கொடுத்தார்கள், ஆறாவது மாடியில் மண் எங்கே இருக்கிறது? அதனால்தான் ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாக மாறி மாறி ஏரிக்குப் போகிறேன். எனக்கு இதில் ஒரு வெட்கமும் இருந்ததில்லை. அந்த வியாழக்கிழமைதான் அதை நீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனாய்.

உன்னோடு வந்த பொண்ணு, "வெயில்ல நிக்கிறீங்களேம்மா" என்று தன் தண்ணி பாட்டிலை நீட்டினாள். அவள்தான் தீபா என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. நல்ல பொண்ணு. அவளிடமா இத்தனை பொய்?

மறுபடியும் வந்து கேட்டால் என் பேரைத்தான் சொல்வேன். இந்த வயதில் எனக்கு இன்னொரு பேர் தேவையில்லை.

தனம்


குரோம்பேட்டை
11 மார்ச் 2025

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்ன எல்லாம் சரி. நான் கெட்டவன், நன்றி கெட்டவன், நீ எழுதாத வார்த்தைகளையும் நானே சேர்த்துக்கொள்கிறேன். போதுமா?

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். சரோஜா என்று சொன்னது நான் இல்லை, நீ. நீ தனம் என்று சொல்லியிருந்தால் நான் தனம் என்று எழுதியிருப்பேன். அக்கா என்று சொல்லியிருக்க மாட்டேன், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் படிவத்தில் தப்பு இருந்திருக்காது. இப்போது தப்புக்குக் கீழே கையெழுத்து என்னுடையது. மெமோ வந்தால் எனக்குத்தான் வரும். ஏப்ரலில் எனக்குப் பிரமோஷன் பேனல். தீபாவின் வீட்டில் மே மாதம் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆபீசில் ஒரு பேச்சு வந்தால் அது அவள் அப்பா காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

உனக்கு இதில் என்ன நஷ்டம் என்று எனக்குப் புரியவே இல்லை. இந்தக் கணக்கை வைத்து யாரும் உன் நிலத்தைப் பிடுங்க மாட்டார்கள், யாரும் உனக்குக் கொடுக்கவும் மாட்டார்கள். கடைசியில் பெயரே போகாது. குறு விவசாயி, பெண், வேறு வகை என்று எண்ணிக்கையில் ஒன்றாகக் கூட்டிவிடுவார்கள். அந்த ஒன்று தனமாக இருந்தால் என்ன, சரோஜாவாக இருந்தால் என்ன? இதற்காக என் வேலையிலும் கல்யாணத்திலும் மண்ணைப் போட வேண்டும் என்றால், போடு. உன் மனசு ஆறும் என்றால் போடு.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. கிழித்தால் திரும்ப எழுத மாட்டேன், அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

எழில்


பெரும்பாக்கம்
14 மார்ச் 2025

எழில்,

சரி. சரோஜா என்றே சொல்கிறேன்.

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். ரெண்டு தடவை படித்தார். "அவன் பொழப்பு கெட வேணாம் தனம், சொல்லிட்டுப் போ" என்றார். அப்புறம் சாப்பிடாமல் படுத்துவிட்டார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதர்.

தனமாக இருந்தால் என்ன, சரோஜாவாக இருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் இல்லைதான். இனிமேல் எழுதாதே.


குரோம்பேட்டை
24 மார்ச் 2025

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி.

உன் நாலு வரியைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மாமா சாப்பிடாமல் படுத்தது என்னை என்னமோ செய்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தட்சிணாமூர்த்தி சார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, "சார், ஏரி உள்வாயில நாம எழுதின சரோஜா என் அக்கா. பேரு தனம். நான் தெரிஞ்சேதான் எழுதினேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முன்னால் இருந்த ஃபைலை மூடினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஏம்ப்பா, அவங்க மேல ஏதாவது கேசு கீசு இருக்கா?" என்றார்.

"இல்ல சார்."

"பின்ன எதுக்கு மறைச்சே?"

அது புறம்போக்கு சார் என்றேன். "அதுக்குத்தானேய்யா அந்தக் கட்டத்தையே வெச்சிருக்கு. நீதானே எல்லாருக்கும் கிளாஸ் எடுத்தே" என்றார். அவர் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. விளக்கம் எழுதிக் கொடு, நேரில் போகும்போது திருத்திவிடலாம், உன் மற்ற படிவங்களையும் நானே ஒரு தடவை பார்க்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்தேன். மெமோ வரலாம், வராமலும் போகலாம். இது நமக்குள் இருக்கட்டும் என்றார்.

உன்னிடம் முன்கூட்டியே சொல்லத்தான் நினைத்தேன். சவுரிமுத்து அண்ணன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நானே பெரும்பாக்கம் வந்தேன், லிஃப்ட் ஓடவில்லை, ஏறி வந்து பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. மாமாவின் போன் சுவிட்ச் ஆஃப். சரி, நேரில் பார்க்கும்போது தெரிந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

சனிக்கிழமை சாரோடு வந்து இறங்கினேன். இந்தத் தடவை நீ சிரிக்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றாய். சார் மரியாதையாகத்தான் கேட்டார், "உங்க பேரு சொல்லுங்கம்மா" என்று. திருத்திய படிவம் அவர் கையில்தான் இருந்தது, அதில் தனம் என்றுதான் இருந்தது. நீ நேராகப் பார்த்துக்கொண்டு "சரோஜா சார்" என்றாய். "அக்கா, வேண்டாம். சார்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். இவங்க என் அக்கா சார்" என்றேன்.

நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவரு யாருன்னு எனக்குத் தெரியாது சார். எனக்குத் தம்பி யாரும் கெடையாது" என்றாய். சொல்லிவிட்டு பாத்திக்குள் இறங்கி வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். சார் பேனாவை மூடிச் சட்டையில் சொருகிக்கொண்டார்.

நீ அதை என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாயா, நிஜமாகவே சொன்னாயா? நான் சொல்லிவிட்டேன் என்று உனக்குப் புரியவில்லை, வேலை போய்விடும் என்று பயந்து சொல்லிவிட்டாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ராத்திரி படுத்தால் அந்தச் சமாதானம் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரே ஒரு வரி எழுது. நான் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டேன், அக்கா. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

எழில்


பெரும்பாக்கம்
29 மார்ச் 2025

எழிலுக்கு,

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சரோஜா என்றது உனக்காகத்தான். வாக்குக் கொடுத்திருந்தேன், சொன்னேன். நீ அக்கா என்று கூப்பிட்டதும் முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாட்டிக்கொண்டு விட்டாய், என் வாயைக் கிளறிப் பார்க்க உன்னை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் உங்கள் சார் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது, நீ சொல்லிவிட்டாய் என்று. தெரிந்த பிறகுதான் தம்பி கிடையாது என்றேன். அது உன்னைக் காப்பாற்ற இல்லை. ஊரறிய ஒருத்தர் உன்னை யாரோ என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று நீ ஒரு தடவை நின்று கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். சொன்னதும் திருப்தியாக இருக்கும் என்று நினைத்தேன். பாத்தியில் குனிந்து களை என்று நினைத்துக் கீரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஜீப் போன பிறகுதான் பார்த்தேன், அரைப் பாத்தி காலி. எனக்கும் அந்த வெட்கம் இருக்கிறது, உனக்கு மட்டும் இல்லை.

இதோடு விட்டிருப்பேன். ஒரே ஒரு வரி போதும் என்றுதானே கேட்டாய். ஆனால் நேற்று நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்றுக் காலை பத்து மணி வாக்கில் தீபா வந்தாள். ஜீப் இல்லை, ஸ்கூட்டியில் தனியாக வந்தாள். உங்கள் சார் அனுப்பினாராம், படிவத்தில் பேரை விவசாயி வாயாலே கேட்டுத்தான் எழுத வேண்டுமாம். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அம்மா, உங்க பேரு என்ன?" என்று கேட்டாள். நீ கேட்ட அதே கேள்வி. நீ அவளிடம் எல்லாம் சொல்லியிருப்பாய், சிரிக்கப் போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்போதுதான் உன் கடைசிக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. அத்தனை நீளமாக எழுதியிருக்கிறாய், ஒரு இடத்தில்கூடத் தீபா பேர் இல்லை.

தனம் என்றேன்.

"அன்னிக்கு சரோஜான்னு சொன்னீங்களேம்மா" என்றாள்.

"பயந்துகினு சொல்லிட்டேன்மா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், சேறோடு. "பட்டா இல்லன்னு பயமா? எங்க கணக்குல அதுக்குன்னே தனி வகை இருக்கும்மா. இனிமே யார் கேட்டாலும் தைரியமா உங்க பேரைச் சொல்லுங்க" என்றாள். பொய் சொன்னவள் நான்தான் என்று அவள் நினைத்துக்கொண்டு போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். யார் பயிர் செய்கிறார்கள், யார் முடிவு எடுக்கிறார்கள் என்று எல்லாம் முதலிலிருந்து கேட்டாள். நான் சொல்லச் சொல்ல என் வார்த்தையை மாற்றாமல் எழுதினாள். என் பேரை எழுதியதும் திருப்பிக் காட்டி, சரியா இருக்கா பாருங்க என்றாள். என் பேரை அத்தனை அழகாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

எழுந்து போகும்போது ஒரு கட்டு முளைக்கீரை கேட்டாள். பறித்துக் கொடுத்தேன். அப்போதுதான் கேட்டாள்: "எங்க ஆபீஸ்ல எழில்னு ஒருத்தர், அன்னிக்கு உங்ககிட்ட கேள்வி கேட்டாரே, அவரோட அக்காவும் இந்தப் பக்கம்தான் விவசாயம் பண்றாங்களாம். ரெண்டு ஏக்கர், சொந்த நிலம். உங்களுக்குத் தெரியுமாம்மா? நான் இன்னும் அவங்களைப் பாத்ததே இல்ல."

அந்த முகத்தில் அத்தனை ஆசை, எழில். உன் அக்காவைப் பார்க்க வேண்டும் என்று.

"தெரியாதும்மா" என்றேன்.

சரோஜா என்றது, தம்பி கிடையாது என்றது, இப்போது மூன்றாவது பொய் இது. முதல் ரெண்டும் சொன்னபோது உன் மேல் கோபம் இருந்தது, அதனால் சமாளித்தேன். இதைச் சொன்னபோது கோபம் இல்லை. உடம்பு கூசியது. அந்தப் பொண்ணு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பி நின்றேன். நான் புறம்போக்கில் பயிர் செய்கிறேன், அதை எந்தச் சபையிலும் சொல்வேன். உனக்காக ஒரு நல்ல பொண்ணை ஏமாற்றினேன் என்பதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

சாரிடம் சொல்லிவிட்டேன், செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சாரிடம் சொன்னால் உன் படிவம்தான் சரியாகும்.

வருகிற வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் மறுபடியும் வேலை இருக்கிறது, கீரைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். உன் அக்கா நான்தான் என்று அவளிடம் நான் சொல்ல மாட்டேன், அதற்குள் சொல்ல வேண்டியது நீ. வந்ததும் அவள் என்னை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று மட்டும் பார்ப்பேன். அண்ணி என்று கூப்பிட்டால், சாயங்காலம் நீ நேராக வீட்டுக்கு வந்துவிடு, மாமா உனக்காகக் காத்திருப்பார். அம்மா என்று கூப்பிட்டால், கீரையைப் பறித்துக் கொடுத்துவிட்டு, அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன், அந்த ரெண்டு ஏக்கர் அம்மாவை நான் விசாரித்துப் பார்த்தேன், இந்தப் பக்கம் அப்படி யாருமே இல்லையாம் என்று.

தனம்